சரவணம்பட்டி டு சிங்கப்பூர்: டாலரைப் பெருக்கிப் பார்க்காத குடித்தனம் உண்டா?

கோவையிலிருந்து பகல் ரயிலில் சென்னைக்குப் போய்ச் சேருவதைவிடச் சீக்கிரமாகச் சிங்கப்பூருக்குப் போய்விடலாம். விமானத்தில் சுமார் நாலரை மணி நேரம்தான். முன்பு சில்க் ஏர் பறந்த வழித்தடத்தில் இப்போது ஸ்கூட் பறக்கிறது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த சரவணம்பட்டியில், சத்தி ரோட்டிலும் கீரணத்தம் பக்கமும் ஐ.டி. அலுவலகங்கள் வளர வளர, ‘ஆன்சைட்’ என்கிற சொல் வீட்டுப் பாட்டிகளுக்கும் பழகிவிட்டது. “பையனுக்கு ஆன்சைட்டுங்க, சிங்கப்பூரு” என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது, கல்யாணம் கூடி வந்த மாதிரி ஒரு பெருமை குரலில் ஏறிக்கொள்ளும்.

அந்தப் பெருமையோடு அம்மா பெட்டி கட்ட உட்காருவார். கொள்ளு ரெண்டு கிலோ, நாட்டுச் சர்க்கரை, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், சந்தகை பிழிய ஒரு நாழி, வடகம், ஊறுகாய். பட்ஜெட் விமானத்தில் பெட்டியின் எடைக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தாலும் இன்னொரு பொட்டலத்தை ஓரத்தில் சொருகத்தான் செய்வார்.

அந்தப் பொட்டலங்களில் ஒன்றைக் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அது சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். கோவையில் எந்த மளிகைக் கடையிலும் கேட்டவுடன் கிடைக்கும் அதே கசகசாதான். ஓபியம் செடியின் விதை என்பதாலும், அதில் மார்ஃபின் ஒட்டியிருக்க வாய்ப்பிருப்பதாலும் அந்நாட்டின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதை அப்படி வகைப்படுத்தியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைதான். போதைப்பொருள் விஷயத்தில் சிங்கப்பூர் எவ்வளவு கறாரான நாடு என்பது ஊருக்கே தெரியும். ஆகவே வீட்டில் அரைத்த கறிமசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பதில் முந்திரியோ பொட்டுக்கடலையோ தேங்காயோடு சேர்த்து அரைத்தால் குருமா கெட்டியாகத்தான் வரும்.

உப்புக்கண்டமும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுபோக அனுமதி கிடையாது, காய்ந்ததாக இருந்தாலும் சரி. மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். ஆனால் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மகனைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் மருந்துச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தால், அங்கே போய் மொழி தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு போய் இறங்கின முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். சையது ஆல்வி ரோட்டிலுள்ள முஸ்தபா சென்டரில் கொள்ளு இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, பொன்னி அரிசி, இட்லிப் பானை, இடியாப்ப அச்சு, அப்பளம் எல்லாமே இருக்கின்றன. கொரோனாவுக்கு முன்பு அந்தக் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குக்கர் கேஸ்கெட் வாங்கிய கதை பழைய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும்.

கடையில் எல்லாம் இருக்கிறது, ஆனால் கை நீளாது. பெருக்கல் வாய்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

2015-ல் ஒரு சிங்கப்பூர் டாலர் 50 ரூபாய்க்குக் கீழேதான் இருந்தது. இப்போது 65-ஐத் தாண்டி நிற்கிறது. ரெண்டு டாலர் என்று எழுதியிருந்தால் மனசு உடனே நூற்றி முப்பது என்று படிக்கும். ‘ஒரு கட்டுக் கீரைக்கா?’ என்று கீரை கூடைக்குத் திரும்பிப் போகும். சிங்காநல்லூர் உழவர் சந்தையில் காய் வாங்கிப் பழகியவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். நம்மூரில் காய் வாங்கினால் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறு. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, விலை ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலைக்குப் பில் போடுவதைப் பார்க்கிற அந்த முதல் நிமிஷம்தான் நிஜமாகவே வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம் என்று உறைக்கும்.

இந்தப் பெருக்கல் ஒரு தப்புக் கணக்கு. சம்பளம் டாலரில் வரும்போது செலவை மட்டும் ரூபாயில் பார்த்தால் வயிறு காயும், அவ்வளவுதான். உண்மையில் பணத்தைத் தின்பது கீரையோ தக்காளியோ அல்ல, வாடகை. அரசு கட்டிய எச்.டி.பி. அடுக்குமாடிகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் வசிக்கிறார்கள். அங்கே ‘மூன்று அறை’ வீடு என்றால் ரெண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும். ஹாலும் அந்தக் கணக்கில் ஓர் அறை! அதற்கே மாதம் 2,500 டாலருக்குக் குறைந்து கிடைப்பது இப்போது அரிது. குழந்தையை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தாலும் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு மாதக் கட்டணம் 800 டாலருக்கு மேல். இந்த ரெண்டையும் கட்டிவிட்டு, கொத்தமல்லிக் கட்டில் மிச்சம் பிடிக்க நினைப்பது பாவம்தான்.

மிச்சம் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய பெயர், ஃபேர்பிரைஸ். தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1973-ல் தோ பாயோவில் ஒரு கூட்டுறவுக் கடையாக ஆரம்பித்தது, இன்று தீவெங்கும் இருக்கிறது. அதன் சொந்த முத்திரை அரிசி, எண்ணெய், பால் எல்லாம் விலை குறைவு. ஷெங் சியோங்கும் அப்படித்தான். மஞ்சப்பை பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். 2023 ஜூலை 3 முதல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். ஜி.எஸ்.டி. 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். அரிசிக்கும் அதே 9, வைரத் தோட்டுக்கும் அதே 9.

காய்கறி, மீன், கறிக்கு டெக்கா. லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. ரயிலை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது. சின்ன மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சீனப் பெயர் திரிந்துதான் டெக்கா ஆனது. 1915-ல் வந்த பழைய சந்தை கண்டாங் கெர்பாவ், அதாவது மலாய் மொழியில் எருமைப் பட்டி. இப்போதைய கட்டடம் 1982-ல் எழுந்தது. ஒரே சந்தைக்குச் சீனப் பெயர், மலாய்ப் பெயர், வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள்! ஈரத் தரையில் செருப்பு வழுக்காமல் நடந்து, வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கலாம். சீன வியாபாரிகளில் சிலர் தமிழில் எண்ணிச் சொல்வார்கள். நாட்டுக்கோழி வேண்டுமென்றால் ‘கம்போங் கோழி’ என்று கேட்க வேண்டும். ருசி கிட்டத்தட்ட அதேதான், பள்ளிபாளையம் சிக்கன் செய்தால் குறை சொல்ல முடியாது.

சமைக்க நேரமில்லாத நாளுக்கு ஹாக்கர் சென்டர். அங்கே காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்காரக் கூடாது, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021-லிருந்து அது சட்டம், திரும்பத் திரும்ப மீறினால் அபராதம்.

இனி வாடகை வீட்டுச் சமையலறைக்கு வருவோம். தனியாளாகப் போகிறவர் பெரும்பாலும் ஒரு வீட்டில் ஓர் அறையைத்தான் வாடகைக்கு எடுப்பார். அந்த விளம்பரங்களில் ‘லைட் குக்கிங்’ என்று ஒரு வரி வரும். முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், தாளிக்கக் கூடாது என்பதுதான் அதன் தமிழாக்கம். இந்தியர்களுக்கு வீடில்லை என்று பச்சையாகவே எழுதிய விளம்பரங்களும் உண்டு. 2014-ல் பி.பி.சி. இதைச் செய்தியாக்கியது. காரணம் கேட்டால் சமையல் வாசனையைத்தான் கைகாட்டுவார்கள்.

அதே ஊரில் வேறொன்றும் நடந்தது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறிக்குழம்பு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து சமரச மையத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இவர்கள் கறி வைப்பது, இவர்கள் கறியை அவர்களும் ஒருமுறை ருசித்துப் பார்ப்பது என்று உடன்பாடு. பழைய சம்பவம்தான், ஆனால் 2011 ஆகஸ்ட்டில் பத்திரிகையில் வந்ததும் நாடே கொதித்துவிட்டது. ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் கறி வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விட்டார்கள். 50,000 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் அன்று அடுப்பில் கறிச்சட்டியை ஏற்றினார்கள். வந்து குடியேறியவர்கள் எங்கள் பழக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்கிற கோபமும் அந்தக் கறிச்சட்டிக்குள் சேர்ந்தே கொதித்தது. சரவணம்பட்டியிலிருந்து புதிதாகப் போகிறவர் இந்தக் கதையில் ஒரே சமயத்தில் ரெண்டு பக்கமும் நிற்கிறார். கறி வைக்கிறவரும் அவர்தான், வந்து குடியேறியவரும் அவர்தான்.

ஊரின் விலைவாசி விட்டு வந்த பிறகும் துரத்தும் என்பதை 2023 காட்டியது. அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது, ஆகஸ்ட்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் சிங்கப்பூர் இந்தியாவிடம் பேசி, 50,000 டன் அரிசிக்குத் தனி அனுமதி வாங்கியது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அடுத்த மே மாதம்தான் நீங்கியது. தொண்டாமுத்தூரில் விளைகிற சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயத்தோடு சேர்ந்து அதில் அகப்பட்டுக்கொண்டது. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்று தமிழக விவசாயிகள் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். காட்டில் வெங்காயத்துக்கு விலை இல்லை என்று அப்பா போனில் புலம்ப, அதே வெங்காயத்துக்கு அங்கே மகன் கூடுதலாகக் கொடுக்க, ஒரே குடும்பத்தின் ரெண்டு முனையும் ஒரே உத்தரவில் நஷ்டப்பட்ட காலம் அது.

கடை கண்ணி, விலைவாசியெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. அது பெரும்பாலும் மனைவியின் பக்கம் நிற்கிறது.

சிங்கப்பூரில் குடும்பம் என்பது முதலில் ஒரு பாஸ். 2025 ஜனவரி முதல் புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 டாலர் இருக்க வேண்டும். வயது கூடக் கூட அந்த வரம்பும் ஏறும். ஆனால் மனைவியையும் குழந்தையையும் டிபென்டென்ட் பாஸில் அழைத்துக்கொள்ளக் குறைந்தது 6,000 டாலர் சம்பளம் வேண்டும். நடுவில் இருக்கிற அந்த 400 டாலரில் சிலருடைய குடித்தனம் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தள்ளிப்போகிறது. பெற்றோரை நீண்டகாலப் பாஸில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 12,000. அப்பா அம்மாவுக்கு என்ன விலை என்று ஒரு நாடு இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருப்பது ஒருவிதத்தில் நேர்மைதான்.

டிபென்டென்ட் பாஸில் போகிற பெண் சும்மா இருந்தவர் அல்ல. சரவணம்பட்டியிலேயே ஐ.டி. வேலையில் ஏழெட்டு வருஷம் இருந்து, டீம் லீட் ஆகி, பிராஜெக்ட் டெலிவரிக்கு ராத்திரி கண்விழித்தவர்கள் எத்தனையோ பேர். கல்யாணத்துக்கு முன் வீட்டு லோனில் தன் பங்கைக் கட்டியவர்கள். முன்பெல்லாம் இந்தப் பாஸில் இருப்பவர் ஒரு கம்பெனி வேலை கொடுத்தால், ஒப்புதல் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். 2021 மே 1-லிருந்து அந்த வழி, சொந்தத் தொழில் நடத்துவோர் சிலரைத் தவிர, அடைபட்டுவிட்டது. வேலை வேண்டுமென்றால் தனக்கென்று தனி வேலைப் பாஸ் வாங்க வேண்டும். அதே சம்பள வரம்பு, 2023 செப்டம்பரிலிருந்து புள்ளி முறை வேறு. கணவருக்குக் கிடைத்ததே பெரிய விஷயம் என்கிற இடத்தில், இவருக்காக இன்னொரு கம்பெனி மெனக்கெட வேண்டும்.

ஆகவே காலை எட்டரைக்கு அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, இவர் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். கடை இவர் ராஜ்ஜியம். எந்தக் கடையில் எந்தக் கிழமை தள்ளுபடி, எந்த பிளாக்கின் கீழே தேங்காய் துருவித் தருவார்கள் எல்லாம் விரல் நுனியில். ஆனால் கல்லாவில் நீட்டுகிற கார்டு கணவருடையது. கார்டைத் தேய்த்த அதே விநாடி அவருடைய போனில் ‘டிங்’ என்று செய்தி விழும். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். நல்ல மனுஷர்தான். இருந்தாலும் நூறு கிராம் மல்லிகைப்பூ வாங்கும்போது, ஃபேஸ் க்ரீமை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைக்கும்போது, அந்த ‘டிங்’ காதில் விழும். சொந்தமாகச் சம்பாதித்த காலத்தில் வராத பெருக்கல் வாய்ப்பாடு இப்போது வரும். டாலரை ரூபாயில் பெருக்குவதை அவர் நிறுத்திவிட்ட பிறகும் இவர் பெருக்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் அல்ல.

இதைக் குடும்பங்கள் கிளம்புவதற்கு முன்பே பேசுவதில்லை. வாடகை பேசுகிறார்கள், ஸ்கூல் பேசுகிறார்கள், தங்கம் எவ்வளவு கொண்டுபோகலாம் என்று பேசுகிறார்கள். அவள் வேலை என்ன ஆகும், அவளுக்கென்று மாதம் எவ்வளவு அவள் கணக்கில் போடப்படும் என்பதும் அந்தப் பட்டியலில் சேர வேண்டிய விஷயம். மனைவி பெயரில் அங்கே தனி வங்கிக் கணக்கு தொடங்க டிபென்டென்ட் பாஸ் தடையில்லை. சில தம்பதிகள் சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவை மொத்தமாக அவர் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ‘டிங்’ விழுவது அவருடைய போனிலேயே.

இதையெல்லாம்கூட வசதி என்று நினைக்கிற ஆட்கள் அதே டெக்காவில், அதே வரிசையில் நிற்கிறார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கிற வொர்க் பெர்மிட் தொழிலாளிகளுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. அவர்களுடைய கடைத்தெரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். 2013 டிசம்பர் 8 அன்று ஒரு தமிழகத் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்ததும் லிட்டில் இந்தியாவில் கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் மதுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015-லிருந்து நாடு முழுக்க ராத்திரி பத்தரைக்கு மேல் கடைகளில் மது விற்பதில்லை. பகலில் சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகளில் அந்தத் தொழிலாளிகள் வாங்குவது பெரும்பாலும் சோப்பு, தேங்காய் எண்ணெய், அனுப்புவதற்கு சாக்லேட். கூடையில் ஃபேஸ் க்ரீம் இருக்கிறதென்றால், அது ஊருக்குப் போகப் போகிறது.

பணம் அனுப்புவது மட்டும் முன்னைவிட சுலபம். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யு.பி.ஐ.யும் இணைக்கப்பட்டன. ஆரம்ப உச்சவரம்பு நாளைக்கு 60,000 ரூபாய். போனிலிருந்து போனுக்கு நிமிஷத்தில் போய்விடுகிறது. அதனால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே மருமகள் சரவணம்பட்டி வீட்டுக்கு ஆப்பில் மளிகை ஆர்டர் போடுகிறார். மாமியாருக்கு அது பிடிப்பதில்லை. “எதுக்கு கண்ணு, நானே போயி பாத்து வாங்கிக்குவேன்” என்பார். தக்காளியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதா? டெலிவரி பையன் போன பிறகு பையைக் கொட்டி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ரெண்டு அடிபட்டதை போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்.

அந்த மாமியாரே ஒரு மாத விசாவில் சிங்கப்பூருக்குப் போகிற வருஷம் வரும். முதல் நாள் டெக்காவில் பேரம் பேசுவார். மகன் கையைப் பிடித்து இழுப்பான். மூன்றாம் நாள் தனியாகப் போய், அதே கடையில் கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கிவந்துவிடுவார். மருமகளுக்கு ஆச்சரியம். கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எச்.டி.பி. நடைபாதையில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைக்கலாம் என்கிற யோசனையும் மாமியாருடையதாகத்தான் இருக்கும். வைக்கலாம். 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கி டெங்கு கொசுப் புழு இருந்தால் அபராதம்.

முப்பதாவது நாள் பெட்டி மறுபடியும் தராசில் ஏறும். இந்தத் தடவை எதிர்த்திசையில். உள்ளே மைலோ, சாக்லேட், பேரன் வரைந்த படம், அப்புறம் ஒரு டஜன் கோடாலித் தைலம். 1928-லிருந்து சிங்கப்பூரில் தயாராகிற அந்தத் தைலம் இப்போது கோவையிலும் கிடைக்கிறது. சொன்னால் சரவணம்பட்டியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கிருந்து வந்ததுதான் நல்லா எரியுமாம்.